பக்கத்து வீட்டு ஆன்ட்டி

என்னைப் பெற்ற அம்மாவை நான் நான்கு மாதம் பக்கத்து வீட்டு ஆன்ட்டியாக வைத்திருந்தேன். இப்போது இதை எழுதும்போதும் கை கூசுகிறது. யாருக்கும் தெரியாமல் இப்படியே காலத்தை ஓட்டிவிடலாம் என்றுதான் இருந்தேன். போன மாதம் அம்மா வேலை செய்யும் இடத்தில் அவள் போகிற போக்கில் சொன்ன ஒன்றைக் கேட்ட பிறகு, அப்படி இருக்க முடியவில்லை.

அப்போது எனக்குப் பதினைந்து வயது. பத்தாம் வகுப்புப் பரீட்சை முடிந்த விடுமுறை. கடலூர் முதுநகரில் வாடகை வீடு. அப்பாவுக்கு சிப்காட்டில் ஒரு கெமிக்கல் கம்பெனியில் கான்ட்ராக்ட் வேலை. ஷிப்ட் மாறி மாறி வரும் என்பதால், வாரத்துக்கு ஒரு தடவைதான் அவர் விழித்திருக்கும்போது நான் வீட்டில் இருப்பேன். அம்மா பண்ருட்டி சாலையில் ஒரு முந்திரிக் கம்பெனிக்குக் கொட்டை உடைக்கப் போய்க்கொண்டிருந்தாள்.

முந்திரிக்கொட்டையின் ஓட்டில் ஓர் எண்ணெய் இருக்கிறது. பட்ட இடம் வெந்து தோல் உரியும். உரிந்த இடம் கறுத்துப்போகும். விரலில் சாம்பலைப் பூசிக்கொண்டுதான் உடைப்பார்கள். அப்படியும் அது விடாது. அம்மா மாநிறம். ஆனால் அவளுடைய பத்து விரல் நுனிகளும் கரிச்சட்டியைத் துலக்கிவிட்டு அப்படியே எழுந்து வந்தவை போல இருக்கும். தேங்காய் எண்ணெய், எலுமிச்சம்பழம், துணி சோப்பு எல்லாம் போட்டுப் பார்த்தாள். போகவில்லை. கொஞ்ச நாளில் நகக்கண்ணில் புண் வர ஆரம்பித்தது. ஆஸ்பத்திரியில், இந்த வேலையை விட்டால்தான் கை பிழைக்கும் என்று சொல்லிவிட்டார்கள்.

சொல்வது சுலபம். வேலையை விட்டால் வேறு வேலைக்கு எங்கே போவது? அதற்கும் அம்மா ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருந்தாள். பத்திரம் பதிகிற ஆபீசுக்கு எதிரே பத்திரம் எழுதுகிற ஒருவர் இருந்தார். அவரிடம் டைப் அடித்துக்கொண்டிருந்த பெண்ணுக்கு ஐப்பசியில் கல்யாணம். அவள் போன பிறகு அந்த இடம் காலி. அம்மா தன் பழைய பத்தாம் வகுப்புச் சான்றிதழை எடுத்துக்கொண்டு நேரே போய்க் கேட்டுவிட்டாள். அவர், “தமிழ் டைப்பிங் லோயர் பாஸ் பண்ணிட்டு வாங்கம்மா. சீட்டு உங்களுக்குத்தான்” என்றார். லோயர் பரீட்சை ஆகஸ்டில். அதில் தவறினால் அடுத்தது பிப்ரவரியில்தான். ஐப்பசியில் காலியாகிற நாற்காலி மாசி வரைக்கும் யாருக்காகவும் காத்துக்கொண்டிருக்காது.

பொங்கல் கழிந்த வாரமே அம்மா திருப்பாதிரிப்புலியூரில் ஒரு மருந்துக்கடை மாடியில் இருந்த டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் சேர்ந்துவிட்டாள். தினமும் மாலை ஐந்திலிருந்து ஆறு வரை. நான் என் பரீட்சை முடிந்து, ஏப்ரல் கடைசியில் சேர்ந்தேன். விடுமுறையில் வீட்டில் டிவி பார்த்துக் கெட்டுப்போகிறேன் என்று அப்பாதான் என்னைக் கொண்டுபோய்ச் சேர்த்தார். அதுவும் அதே ஐந்து மணி.

தமிழ் மெஷினில் முதல் பாடம் ‘யளனகபக ட்மதாத’. அர்த்தம் ஒன்றும் கிடையாது. இடது கை விரல் வரிசை, வலது கை விரல் வரிசை, அவ்வளவுதான். அம்மா மாவு ஆட்டும்போதும் துணி பிழியும்போதும் இதை முணுமுணுப்பாள். யாராவது கேட்டால் ஏதோ மந்திரம் என்றுதான் நினைப்பார்கள்.

அந்த மெஷினில் இன்னொரு விசேஷம் உண்டு. கையால் எழுதும்போது நாம் எழுத்தை எழுதிவிட்டு அதன் தலையில் புள்ளி வைப்போம். மெஷினில் புள்ளியை முதலில் அடிக்க வேண்டும். புள்ளி விழும், ஆனால் பேப்பர் நகராது, அதே இடத்தில் நிற்கும். அடுத்து எழுத்தை அடித்தால் அது புள்ளிக்கு அடியில் வந்து உட்காரும். அப்போதுதான் பேப்பர் நகரும். எனக்கு இது கடைசிவரை கைவரவில்லை. அவசரத்தில் எழுத்தை முதலில் அடித்துவிடுவேன். பிறகு அடிக்கிற புள்ளி பக்கத்து எழுத்தின் தலையில் போய் உட்கார்ந்துகொள்ளும்.

இருந்தாலும் எனக்கு வேகம் இருந்தது. அதை மறுக்க முடியாது. மூன்று மாதமாக அம்மா தடவித் தடவி அடித்துக்கொண்டிருந்த பாடத்தை நான் மூன்று வாரத்தில் தாண்டிவிட்டேன். விசைகளைப் பார்த்துப் பார்த்துத்தான் அடித்தேன். மாஸ்டர் பக்கத்தில் வரும்போது மட்டும் கூரையைப் பார்த்துக்கொள்வேன். அவர் என்னை ‘ஏரோப்ளேன்’ என்று கூப்பிட ஆரம்பித்தார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

சேர்ந்த நாலாம் நாளோ ஐந்தாம் நாளோதான் அது நடந்தது. எனக்குப் பக்கத்து மெஷினில் ஒரு பெண் உட்காருவாள். அவளும் என் வயதுதான். அவளுடைய அப்பா நகைக்கடை வைத்திருந்தார். அவளுடைய நகங்களில் எப்போதும் இளஞ்சிவப்புப் பாலிஷ் இருக்கும். அவளோடு சேர்ந்துவிட வேண்டும் என்று எனக்கு ஒரே ஆசை. அன்றைக்கு அவள் என் காதருகே குனிந்து கேட்டாள்.

“யாருடி அவுங்க? உன்கூடதான வந்தாங்க? அவுங்க கை ஏன் அப்டி இருக்கு?”

நான் திரும்பிப் பார்த்தேன். அம்மா மூன்றாவது மெஷினில் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். வெள்ளை விசைகளின் மேல் அந்தக் கறுத்த விரல்கள்.

“பக்கத்து வீட்டு ஆன்ட்டி” என்றேன்.

சொல்லி வாயை மூடவில்லை, அம்மா பேப்பர் எடுக்க எழுந்து எங்கள் பின்னால் வந்து நின்றிருந்தாள். கேட்டிருக்குமோ, கேட்டிருக்காதோ என்று தெரியவில்லை. அம்மா அலமாரியிலிருந்து ஒரு பேப்பரை உருவிக்கொண்டு தன் இடத்துக்குப் போய்விட்டாள். வீட்டுக்கு வந்த பிறகும் எப்போதும்போலத்தான் இருந்தாள். தோசை வார்த்தாள். சட்னியில் உப்பு சரியாக இருக்கிறதா என்று கேட்டாள். சரி, கேட்கவில்லை என்று நான் நிம்மதியாகத் தூங்கினேன்.

மறுநாள் மாலை நான்கரைக்கு நான் தலை வாரிக்கொண்டிருந்தபோது அம்மா செருப்பை மாட்டிக்கொண்டு, “நான் முன்னாடி போறேன். நீ அடுத்த பஸ்ல வா” என்றாள். இன்ஸ்டிட்யூட்டில் நான் போய் உட்கார்ந்ததும் என் பக்கம் திரும்பி, வெகு மரியாதையாக, “பாப்பா, அந்த ரப்பரைக் கொஞ்சம் குடுக்கிறியா?” என்று கேட்டாள். எங்கள் வீட்டில் யாரும் என்னைப் பாப்பா என்று கூப்பிட்டதே கிடையாது.

நேற்று நான் சொன்னது அவளுக்குக் கேட்டிருக்கிறது. அந்த நிமிடமே எழுந்து, இது என் அம்மா என்று நகைக்கடைக்காரர் மகளிடம் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. ரப்பரை எடுத்துக் கொடுத்தேன். ஒரு பக்கம் வெட்கமாகவும் இன்னொரு பக்கம் நிம்மதியாகவும் இருந்தது. உள்ளதைச் சொன்னால், நிம்மதிதான் ஜாஸ்தி.

நான் ஒரு தடவை சொன்ன பொய்யை அம்மா நான்கு மாதம் தினமும் தவறாமல் கட்டிக் காத்தாள். முதல் பஸ்ஸில் அவள், அடுத்த பஸ்ஸில் நான். அங்கே பாப்பா, வீட்டில் ‘ஏய் இங்க வாடி’. ஒரு நாள்கூட மாற்றிக் கூப்பிடவில்லை. டைப்பிங்கிலும் அவள் அப்படித்தான் இருந்தாள். அது எனக்கு அன்று வேடிக்கையாக இருந்தது.

ஐந்து மணிக்கு உட்காருவாள். ஆறு மணிக்கு எழுந்துவிடுவாள். நன்றாக வருகிறது, இன்னும் கொஞ்சம் அடிப்போம் என்பதே கிடையாது. பாதி வரியில் மணி ஆறானாலும் அந்தப் பாதியோடு பேப்பரை உருவி மடித்துப் பையில் வைத்துக்கொள்வாள். முதல் வரி என்ன வேகமோ அதே வேகம்தான் கடைசி வரியும். அந்தச் சத்தத்தைக் கேட்டால் எனக்குத் தூக்கம் வரும். வேகம் கூடுகிறதா இல்லையா என்றே தெரியாது. ஒரு மாதம் கழித்துப் பார்த்தால் கொஞ்சம் கூடியிருக்கும்.

நான் நாலு நாள் போக மாட்டேன். நகைக்கடைக்காரர் மகளோடு சில்வர் பீச்சுக்குப் போய் மாங்காய் தின்றுவிட்டு வருவேன். ஐந்தாம் நாள் மாஸ்டரிடம் கெஞ்சி மூன்று மணி நேரம் உட்கார்ந்து தட்டித் தள்ளிவிடுவேன். அன்றைக்கு இன்ஸ்டிட்யூட்டே என்னைத் திரும்பிப் பார்க்கும். மறுநாள் மணிக்கட்டு வலிக்கும், மறுபடி லீவு. வீட்டில் நான் இதைப் பெருமையாகச் சொல்லி, “நீ ஏம்மா இப்டி மாட்டு வண்டி ஓட்ற?” என்று கேட்டேன்.

அம்மா வெங்காயம் அரிந்துகொண்டிருந்தாள். “கொட்டை ஒடைக்கிற எடத்துல பாத்திருக்கேன்டி. காலைல வேகமா ஒடைக்கிறவ மத்தியானத்துல துண்டாத்தான் குடுப்பா. முழுசு வரணும்னா சாயங்காலம் வரைக்கும் கை ஒரே மாதிரி வரணும்” என்றாள். முழுப் பருப்புக்குத்தான் மதிப்பு, உடைந்த பருப்பைத் தள்ளிவிடுவார்கள். டைப்ரைட்டருக்கும் முந்திரிக்கும் என்ன சம்பந்தம் என்று நான் சிரித்தேன்.

ஜூன் மாதம் ஒரு நாள் அம்மா இரண்டு விரல்களில் துணி சுற்றிக்கொண்டு வந்திருந்தாள். வலது கையில் ஆள்காட்டி விரலும் நடு விரலும். முந்தின நாள் எண்ணெய் தெறித்துப் புண்ணாகியிருந்தது. அன்று காலைதான் முந்திரி வேலையை விட்டிருந்தாள். மாஸ்டர் பார்த்துவிட்டு, “வீட்டுக்குப் போங்கம்மா, ஆறினதும் வாங்க” என்றார்.

“மீதி எட்டு வெரலு சும்மாத்தான சார் இருக்கு” என்றாள் அம்மா.

அந்த ஒரு மணி நேரமும் எட்டு விரலுக்கான எழுத்துகளை மட்டும் பொறுக்கி அடித்துக்கொண்டிருந்தாள். நகைக்கடைக்காரர் மகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். “உங்க ஆன்ட்டி செம காமெடிடி” என்றாள். நானும் சிரித்தேன். அவள் சிரித்ததைவிடச் சத்தமாகவே சிரித்தேன் என்று நினைவு.

ஆகஸ்டில் பரீட்சை வந்தது. எங்களுக்குச் சிதம்பரத்தில் ஒரு கல்லூரியில் சென்டர் போட்டிருந்தார்கள். மெஷின்களை எல்லாம் முந்தின நாளே மாஸ்டர் ஒரு டெம்போவில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார். காலையில் அப்பா ஷிப்டுக்குக் கிளம்பும்போது, “ரெண்டு பேரும் ஒண்ணாப் போயிட்டு ஒண்ணா வாங்க” என்று சொல்லிவிட்டுப் போனார். அம்மா “சரிங்க” என்றாள். என்னைப் பார்க்கவில்லை.

பஸ் ஸ்டாண்டில் எங்கள் இன்ஸ்டிட்யூட் பெண்கள் ஐந்தாறு பேர் நின்றார்கள். நான் ஓடிப்போய் அவர்களோடு ஏறிக்கொண்டேன். அம்மா முன்னால் ஒரு ஜன்னலோரம் தனியாக உட்கார்ந்தாள். சிப்காட் வந்ததும் நாற்றம் தாங்காமல் எல்லோரும் மூக்கைப் பொத்திக்கொண்டு ஜன்னல்களை இறக்கினார்கள். அம்மா மட்டும் இறக்கவில்லை. அப்பாவின் கம்பெனி கேட் வந்து போகும்வரை அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள். சிதம்பரத்தில் இறங்கி நடக்கும்போது தூரத்தில் தெரிந்த கோபுரத்தைப் பார்த்து, செருப்பைக் கழற்றி நின்று ஒரு கும்பிடு போட்டாள். நாங்கள் பரீட்சை முடிந்ததும் எங்கே ஐஸ்கிரீம் சாப்பிடலாம் என்று பேசிக்கொண்டு போனோம்.

பெரிய ஹால். நாற்பது மெஷினாவது இருக்கும். அம்மாவுக்கு எனக்கு முன்னால் இரண்டு வரிசை தள்ளி இடம். அவளுடைய முதுகு மட்டும் எனக்குத் தெரிந்தது. முதல் தாள் வேகத் தாள், பத்து நிமிடம். கொடுத்திருக்கிற ஒரு பக்கத்தைப் பத்து நிமிடத்துக்குள் பிழையில்லாமல் அடிக்க வேண்டும். மெஷினில் கோளாறு வந்தால் கையைத் தூக்க வேண்டும், வெளியே நிற்கிற மெக்கானிக் வந்து பார்ப்பார் என்று மாஸ்டர் நூறு தடவை சொல்லி அனுப்பியிருந்தார். மணி அடித்தது. பேப்பரைத் திருப்பினோம். கூட்டுறவுச் சங்கங்களின் நன்மைகள் பற்றி ஒரு கட்டுரை. நான் பாய்ந்தேன்.

முதல் இரண்டு நிமிடம் நான் ஏரோப்ளேன்தான். மூன்றாவது நிமிடத்தில் மூச்சு வாங்கியது. இன்ஸ்டிட்யூட்டில் நான் பத்து நிமிடம் சேர்ந்தாற்போல் அடித்ததே இல்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. மூன்று மணி நேரம் உட்காருவேன் என்பதெல்லாம் நடுநடுவே பேசி, சிரித்து, தண்ணீர் குடித்து உட்கார்ந்ததுதான். விரல்கள் ஒன்றை ஒன்று முந்தின. எழுத்துக் கம்பிகள் நாலைந்து ஒரே சமயத்தில் எழும்பி ஒன்றோடொன்று சிக்கிக்கொண்டன. பிடித்து இழுத்தேன். இழுத்த வேகத்தில் ரிப்பன் கழன்று வந்துவிட்டது. அதை மாட்டப் போய் கையெல்லாம் மை. பத்து விரல் நுனியும் கறுத்துப்போயிற்று. பேப்பரைத் தொட்ட இடமெல்லாம் கறை.

எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. மாஸ்டர் சொன்ன நூறு தடவையும் மறந்துபோயிற்று.

“அம்மா!”

வாய்விட்டுக் கத்திவிட்டேன். நானாகக் கூப்பிடவில்லை, அதுவாக வந்தது. அத்தனை மெஷின் சத்தத்திலும் அது ஹால் முழுக்கக் கேட்டிருக்கும். சூப்பர்வைசர் வேகமாக என்னிடம் வந்தார்.

“யாரும்மா? உங்கம்மா இங்க எழுதறாங்களா? யாரக் கூப்புட்ற?”

பக்கத்தில் நகைக்கடைக்காரர் மகள் அடித்துக்கொண்டே ஓரக்கண்ணால் என்னைப் பார்த்தாள்.

இதுவரை சொன்னதை எல்லாம் சின்ன வயது என்று யாராவது மன்னித்துவிடலாம். இதை எப்படி மன்னிப்பது என்று எனக்குத் தெரியவில்லை. கை முழுக்க மையோடு, கண்ணில் தண்ணீரோடு, இரண்டு வரிசைக்கு முன்னால் உட்கார்ந்திருந்த அம்மாவின் முதுகைப் பார்த்துக்கொண்டே, மெஷின் சத்தத்துக்கு மேல் குரலை உயர்த்தி நான் சொன்னேன்.

“யாரும் இல்ல சார்.”

“அப்பறம் எதுக்கு கத்தற? அடி, டைம் ஓடுது” என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார்.

அம்மாவின் முதுகு திரும்பவே இல்லை. நாற்காலியை மட்டும் முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டாள். எனக்கு அவள் மேல் கோபம் வந்தது. இப்போது சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள், நிஜமாகவே கோபம்தான் வந்தது. இத்தனை பேர் நிமிர்ந்து பார்த்தார்கள், பெற்ற பெண் கத்துகிறாள், ஒரு தடவை திரும்பிப் பார்த்தால் என்ன குறைந்துவிடும்? தன் பரீட்சைதான் பெரிதாகப் போய்விட்டது அவளுக்கு. இப்படியே நினைத்துக்கொண்டு மீதி நிமிடங்களை மையைத் துடைப்பதில் கழித்தேன். மணி அடித்தபோது என் பேப்பரில் கால் பக்கம்கூட இல்லை.

இரண்டாம் தாளையும் ஏதோ அடித்துவிட்டு, திரும்பி வரும் பஸ்ஸில் நான் தேம்பித் தேம்பி அழுதேன். நகைக்கடைக்காரர் மகள் என் தோளில் கை போட்டுச் சமாதானம் செய்தாள். முன் சீட்டிலிருந்து அம்மா எழுந்து, கம்பியைப் பிடித்துக்கொண்டு ஆடி ஆடி எங்களிடம் வந்தாள். தண்ணீர் பாட்டிலை நீட்டினாள்.

“தண்ணி குடிக்கிறியா பாப்பா?”

நான் வாங்கிக் குடித்தேன். குடித்துவிட்டு, “தேங்க்ஸ் ஆன்ட்டி” என்றேன்.

அன்று சாயங்காலம் அப்பா எப்படி எழுதினீர்கள் என்று கேட்டபோது, நான் வாயைத் திறப்பதற்குள் அம்மாவே, “இவ மெஷின் மக்கர் பண்ணிடுச்சிங்க. அதுக்கு அவ என்னா பண்ணுவா” என்று முடித்துவிட்டாள். தன் பரீட்சையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. அப்பா இரண்டாம் தடவை கேட்டதற்கு, “அடிச்சிருக்கேன்” என்றாள்.

ஐப்பசி பிறக்க இரண்டு நாள் இருக்கும்போது ரிசல்ட் வந்தது. நான் இன்ஸ்டிட்யூட்டுக்குப் போனேன். அம்மா வரவில்லை. அன்று ரேஷன் கடையில் வரிசை. மாஸ்டர் என்னைப் பார்த்ததும் ஏரோப்ளேன் என்று கூப்பிடவில்லை. பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். நான் பெயில். அது எனக்கே தெரிந்ததுதான். அவர் இன்னொரு காகிதத்தையும் சேர்த்து என் கையில் கொடுத்தார்.

“உங்கம்மாவோடதும் இதுல இருக்கு, குடுத்துடு. டிஸ்டிங்ஷன். நம்ம இன்ஸ்டிட்யூட்ல அவுங்கதான் ஃபர்ஸ்ட். ஒரு தப்பு இல்ல, போ.”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எப்படித் தெரியும் என்று நான் கேட்பதற்குள் அவரே சொன்னார். “அப்ளிகேஷன் நாந்தான ஃபில்லப் பண்ணேன்? ரெண்டுலயும் ஒரே வீட்டு நம்பர். எல்லாருக்கும்தான் தெரியும். உங்கம்மாதான், யாரும் கேட்டுக்காதீங்க, பொண்ணு கஷ்டப்படும்னு சொல்லிட்டாங்க.”

நான் நகைக்கடைக்காரர் மகளைப் பார்த்தேன். அவள் தன் மெஷினின் ரிப்பனைச் சரிசெய்வதுபோல் குனிந்துகொண்டாள். அவளுக்கும் தெரிந்திருக்கிறது. எப்போதிலிருந்து என்று நான் கேட்கவில்லை. இத்தனை பேரும் சேர்ந்து என் பொய்யை எனக்காகப் பத்திரமாக வைத்திருந்திருக்கிறார்கள். படியில் இறங்கும்போது மருந்துக்கடைக்காரர்கூட என்னையே பார்ப்பதுபோல் இருந்தது.

ரேஷன் கடை வரிசையில் அம்மாவிடம் காகிதத்தைக் கொடுத்தேன். அவள் படித்துவிட்டு மடித்து, ரேஷன் கார்டுக்குள் வைத்தாள். முகத்தில் சிரிப்பு வந்தது, என்னைப் பார்த்ததும் அதை அடக்கிக்கொண்டாள். “பிப்ரவரில நீ எழுதிடலாம். தெனம் ஒரு மணி நேரம் போதும்” என்றாள். நான் எழுதவில்லை. அந்த மாடிப்படி ஏறவே இல்லை. அம்மாவிடம் மன்னிப்பும் கேட்கவில்லை. கேட்டால் அவளுக்குத் தெரியும் என்பது எனக்குத் தெரியும் என்று ஆகிவிடும் என்று, அந்த வயதுக்கே உரிய ஒரு கணக்குப் போட்டுப் பேசாமல் இருந்துவிட்டேன்.

அந்த நாற்காலி அம்மாவுக்குக் கிடைத்தது. இன்றைக்கும் அங்கேதான் இருக்கிறாள். மெஷின் போய்க் கம்ப்யூட்டர் வந்துவிட்டது, விசை வரிசையும் புள்ளியை முதலில் அடிக்கிற வழக்கமும் மட்டும் அதே பழையதுதான். காலையில் போட்ட வேகமே மாலையிலும். தப்பில்லாமல் பத்திரம் வேண்டுமென்றால் அந்த அம்மாவிடம் கொடுங்கள் என்று பத்திர ஆபீசில் இருப்பவர்களே சொல்லி அனுப்புகிறார்கள். கையில் கறுப்பு போய் எத்தனையோ வருஷமாகிறது. நானும் கம்ப்யூட்டரில்தான் பிழைப்பு நடத்துகிறேன். இன்றுவரை விசைகளைப் பார்த்துத்தான் அடிக்கிறேன்.

போன மாதம் ஊருக்குப் போயிருந்தபோது அம்மாவை வீட்டுக்கு அழைத்துவர அவளுடைய ஆபீசுக்குப் போனேன். இன்னும் வேலை முடியவில்லை. ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தேன். புதிதாகச் சேர்ந்திருந்த ஒரு பெண் பக்கத்தில் உட்கார்ந்து தடுமாறிக்கொண்டிருந்தாள். புள்ளியை அடித்துவிட்டு எழுத்தைத் தேடுவதற்குள் பதற்றமாக இருக்கிறது என்றாள்.

“எதுக்குப் பதற்ற? பழைய மெஷின்ல புள்ளி அடிச்சா பேப்பர் நகராது” என்றாள் அம்மா, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். “புள்ளிய வெச்சிட்டு எவ்ளோ நேரம் வேணாலும் நிக்கலாம். அப்புறமா எழுத்த அடிச்சா, நின்னதே பேப்பர்ல தெரியாது. நான் ஒரு வாட்டி நின்னுருக்கேன். அதுவும் பரீச்சைல.”

“பரீச்சைலயா? ஏங்க்கா?”

“கூட்டுறவுச் சங்கம்னு ஒரு வார்த்த. அந்த ‘ச்’சுக்குப் புள்ளி வெச்சேன். பின்னாலேர்ந்து யாரோ கூப்புட்டாங்க. எழுந்து போயிடலாம்னு மெஷின்ல இருந்து கைய எடுத்துட்டேன். போனா பேப்பர் போச்சி. அந்த சீட்டும் போச்சி. போனாப் போவுதுன்னு நாற்காலியப் பின்னால தள்றேன், கூப்புட்டவுங்களே யாரும் இல்லன்னுட்டாங்க. சரின்னு ‘ச’வ அடிச்சிட்டு மேல போயிட்டேன்.”

“டைம் பத்துச்சாக்கா?”

“பத்தாம என்னா? தெனம் அடிக்கிற கைதான. முடிச்சதுக்கு அப்புறமும் அரை நிமிஷம் மீதி இருந்துச்சி.”

இதைச் சொல்லும்போது அம்மா என் பக்கம் திரும்பவில்லை. விரல்கள் விசைகளின் மேல் அதே சீராக ஓடிக்கொண்டிருந்தன. கையிலிருந்த டீ ஆறிக்கொண்டிருந்தது. எனக்கு அதைக் குடிக்கவும் முடியவில்லை, கீழே வைக்கவும் தோன்றவில்லை.

ஏழு மாதம், தினம் ஒரு மணி நேரமாகச் சேர்த்த வேகம் அது. அந்தப் பத்து நிமிடத்துக்குள் எனக்காகக் கையை எடுத்து நிற்கவும் அதில் இடம் இருந்திருக்கிறது. அத்தனையையும் விட்டுவிட்டு அவள் எழுந்து வரவும் தயாராக இருந்திருக்கிறாள். திரும்பிக்கூடப் பார்க்கவில்லையே என்று நான் மனதுக்குள் அவளைத் திட்டிக்கொண்டிருந்தேன். கேட்டவர் சூப்பர்வைசர், அவருக்குத்தான் பதில் சொன்னேன் என்று நினைத்திருந்தேன். “யாரும் இல்ல” என்று நான் சொன்னதைக் கேட்டுத்தான் அம்மா நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டாள் என்பது பதினைந்து வயதில் எனக்குத் தெரியவில்லை.